ஹேண்டிலைத் திருப்பினால் நிற்கும் வண்டி

என் சொந்தக்காரர்கள் பார்வையில் நான் வேலை செய்த காலம் முழுக்க பல்பு மாற்றியவன். கல்யாண வீட்டில் யாராவது "இவர் என்ன வேலையில் இருந்தார்?" என்று கேட்டால் என் மைத்துனர் முந்திக்கொண்டு, "பைக் சர்வீஸ்ல எலக்ட்ரிக்கல். பல்பு, ஹாரன் எல்லாம் பார்ப்பாரு" என்பார். நான் இலையைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்துவிடுவேன். சாப்பாட்டு நேரத்தில் சண்டை எதற்கு?

போன மழைக்காலத்தில் எங்கள் பழைய சர்வீஸ் சென்டர் ஆட்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி போட்டிருந்தார்கள். ஸ்கேனர் மாட்டிப் பார்த்தால் ஒரு குறையும் காட்டவில்லை, ஆனால் வண்டி வழியில் நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம் என்று. நான் பதில் எழுத ஆரம்பித்தேன். அது நீண்டுகொண்டே போனது. "அண்ணே, முழுசாவே எழுதிடுங்க" என்றார்கள். எழுதுகிறேன். பல்பைப் பற்றி இதில் ஒன்றும் கிடையாது.

என் பெயர் சாமுவேல். படப்பைக்காரன். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரிக்கல் படித்து, சில ஆட்டோ எலக்ட்ரிக் கடைகளில் திட்டு வாங்கி, கடைசியில் ஒரகடம் போகும் சாலையில் இருந்த ஒரு பைக் ஷோரூமின் சர்வீஸ் சென்டருக்கு வந்து சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான். படித்ததில் பாதி மறந்துபோனது. மீதி வேலையில் சேர்ந்த பிறகுதான் புரிந்தது.

எங்கள் பகுதி வண்டிகளுக்குத் தனி வாழ்க்கை உண்டு. இங்கே வேலைக்குப் போகிறவர்களில் பலர் வீட்டிலிருந்து மெயின் ரோடு வரை பைக்கில் வருவார்கள், அங்கிருந்து கம்பெனி பஸ். பைக் அந்த பஸ் நிறுத்தத்திலேயே வெட்டவெளியில் நிற்கும். ஷிப்ட் முடிந்து, ஓ.டி. இருந்தால் அதுவும் முடிந்து ஆள் திரும்பும்வரை வெயில், மழை, டிரெய்லர் லாரி கிளப்பும் புழுதி எல்லாம் அதன் தலையில்தான். ஓடித் தேய்ந்த வண்டிகளைவிட நின்று கெட்ட வண்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எஞ்சின் நன்றாக இருக்கும். ஒயரும் ஒயரும் சேருகிற இடம் கெட்டுப்போயிருக்கும்.

ஆயுத பூஜை வந்தால் இன்னும் விசேஷம். வண்டி பளபளக்க வேண்டும் என்று பிரஷர் பம்புத் தண்ணீரை ஹெட்லைட்டுக்குப் பின்னாலும் சீட்டுக்கு அடியிலும் நேராகப் பாய்ச்சுவார்கள். பொட்டு வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி ஊரைச் சுற்றி வருவார்கள். அடுத்த வாரம் எங்கள் வாசலில் வரிசை. "பூஜை போட்ட வண்டி சார், அது எப்படி நிக்கும்?" என்று நியாயம் கேட்பார்கள். பூஜையில் குறையில்லை, தண்ணீரில்தான் குறை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போகும்.

எனக்கு இந்த வேலையைப் புரியவைத்தவர் எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் கோதண்டம் சார். கிரீஸ் மிதக்கும் பட்டறையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருவார், சாயங்காலம் அதே வெள்ளையோடு வீட்டுக்குப் போவார். அது எப்படி என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை. குரலை உயர்த்த மாட்டார். ஒரு வண்டியைப் பற்றி நாம் சொல்லப் போனால் "என்ன பண்ணினே?" என்று கேட்க மாட்டார். "என்ன பார்த்தே?" என்றுதான் கேட்பார். பேட்டரியை மாற்றினேன் சார் என்று சொன்னால், "அது பண்ணினது. பார்த்தது என்ன?" என்பார். பார்க்காமல் பண்ணியவன் அங்கேயே மாட்டிக்கொள்வான்.

அவர் வைத்த முறை இதுதான். முதலில் பேட்டரி முனைகள். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் கழற்றி, வெந்நீரில் கழுவி, காய வைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின். பிறகு எர்த் ஒயர் பிரேமில் சேரும் போல்ட். அதன் அடியில் பெயிண்டோ துருவோ இருந்தால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்ட வேண்டும். அப்புறம் கப்ளர்கள், அதாவது இரண்டு பக்க ஒயர்களும் வந்து பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கூடுகள். பூட்டை அமுக்கிக் கூட்டைப் பிடித்துத்தான் பிரிக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுப்பவனை கோதண்டம் சார் அன்று முழுக்கப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார். உள்ளே பித்தளை பச்சை பூத்திருந்தால் கிளீனர் அடித்து, காற்றில் உலர்த்தி, திரும்ப மாட்டும்போது 'டக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் மாட்டவில்லை என்று அர்த்தம். கடைசியாக, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு ஒயராக மெதுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். எது குறை என்பதை வண்டியே இருமிக் காட்டிவிடும்.

இதைச் சரியாகச் செய்தால் பாதி வண்டிகள் வழியில் நிற்கவே நிற்காது. ஒரு தடவை கோவில்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். இங்கே ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தவன். "அண்ணாச்சி, பிரேக்க புடிச்சா இண்டிகேட்டர் ரெண்டும் கண்ணடிக்கி. ரோட்டுல போற பிள்ளைய எல்லாம் என்னைய ஒரு மாதிரி பாக்குதுவ" என்றான். போல்ட்டுக்கு அடியில் இருந்த துருவைச் சுரண்டி எர்த் ஒயரைத் திரும்ப இறுக்கினேன். கண்ணடிப்பது நின்றது. அவனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்திருக்கலாம்.

ஆனால் இத்தனை முறைகளுக்கு நடுவில் எங்கள் பட்டறையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. சாமிக் கயிற்றைத் தொடக்கூடாது. இந்தப் பக்கம் பாதி வண்டிகளில் ஹேண்டிலிலோ அதற்குக் கீழேயோ சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று ஏதாவது ஒரு கயிறு இருக்கும், கூட ஒரு எலுமிச்சம்பழமும் தொங்கும். நான் சேருவதற்கு முன்னால் எங்கள் ஆள் ஒருவர் வாட்டர் வாஷ் செய்யும்போது கயிற்றை அறுத்துப் போட்டுவிட்டார். மறுநாள் அந்த வண்டிக்காரர் எங்கேயோ சறுக்கி விழுந்தார். ஒரு கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாராம். கோதண்டம் சார் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார் என்பார்கள். அதிலிருந்து கயிறு இருந்தால் சுற்றி வேலை செய்வோம். கயிற்றுக்கு அடியில் இருப்பதை இல்லாததாகவே வைத்துக்கொள்வோம். நான் கிறிஸ்தவன் வேறு, எனக்கு அந்தச் சட்டம் ரொம்ப வசதியாகவே இருந்தது.

இந்தச் சட்டத்தில் வந்து மோதிய வண்டிதான் கலைவாணியுடையது.

கலைவாணி சேரப்பணஞ்சேரிக்காரப் பெண். கணவர் உடம்பு சரியில்லாமல் இறந்துபோனார். அவர் விட்டுப்போனது ஒரு கியர் பைக். இவள் அதை ஓட்டக் கற்றுக்கொண்டு, காலையில் இட்லியும் பொங்கலும் செய்து, இரண்டு பக்கமும் பாத்திரம் கட்டி, ஒரகடத்தைச் சுற்றியிருக்கிற ஹாஸ்டல்களில் கொண்டுபோய் விற்றுவந்தாள். முதல் ஷிப்ட் பஸ் கிளம்புவதற்குள் போய்ச் சேர வேண்டும். பஸ் போய்விட்டால் சாப்பிட ஆள் கிடையாது, அன்றைக்குச் செய்ததெல்லாம் மாட்டுக்குத்தான்.

முதல் தடவை வந்தபோது, "ஓடிக்கினே இருக்கும்ணா, பட்டுனு நின்னுடும். லைட்டும் பூடும். கொஞ்ச நேரம் கழிச்சு சாவி போட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆவுது" என்றாள். நான் முறைப்படி எல்லாம் பார்த்தேன். பேட்டரி, பியூஸ், எர்த், சீட்டுக்கு அடியில் இருந்த கப்ளர்கள். வண்டியை ஸ்டாண்டில் ஓடவிட்டு ஹேண்டிலையும் திருப்பிப் பார்த்தேன். வண்டி இருமவே இல்லை. ஒரு கப்ளரில் கொஞ்சம் பச்சை இருந்தது. அதுதான் என்று சுத்தம் செய்து அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது தடவை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கலைவாணியின் முழங்கை முழுக்கத் தோல் உரிந்திருந்தது. மெயின் ரோட்டில் யூ டர்ன் எடுக்கும்போது வண்டி நின்றுவிட்டது, பின்னால் கன்டெய்னர் லாரி. லாரிக்காரர் பிரேக் அடித்ததால் பிழைத்தாள். பாத்திரம் உருண்டு இட்லியெல்லாம் ரோட்டில். கூடவே அவள் கொழுந்தன் ஏழுமலை வந்திருந்தார். ஏதோ ஒரு குடோனில் சூப்பர்வைசர். ரொம்ப நாளாக அவருக்கு அந்த வண்டி மேல் ஒரு கண்.

"இதோ பாருப்பா, இந்த வண்டி எங்க அண்ணன் போனதிலிருந்தே சரியில்ல. ராசியில்லாத வண்டி. பொம்பளைக்கு இன்னாத்துக்கு கியர் வண்டி? இந்தத் தபா பாத்துக் குடுங்க. அப்புறமும் நின்னுச்சுன்னா நான் எடுத்துக்கினு போயி வித்துடுவேன். எங்கம்மாவும் சரின்ட்டாங்க."

அவர் சிகரெட் பிடிக்க வெளியே போனதும் கலைவாணி என்னிடம், "வண்டி போச்சுன்னா என் பொழப்பு போச்சுண்ணா. நடந்துபோயி இட்லி விக்க முடியாது. அப்புறம் அவரு வூட்ல சோத்துக்கு நிக்கணும், நானும் எங்க அத்தையும்" என்றாள். அழவில்லை. கையிலிருந்த ரத்தத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். எனக்குத்தான் சங்கடமாகப் போய்விட்டது. நான் சரி என்று அனுப்பிய வண்டி அது.

கோதண்டம் சாரைக் கூப்பிட்டேன். வந்தார்.

"என்ன பார்த்தே, சாமு?"

பார்த்ததையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு கலைவாணியிடம் திரும்பி, "இதுவரைக்கும் எங்கெங்கே நின்னுச்சும்மா?" என்றார்.

அவள் யோசித்துச் சொன்னாள். ஒரு ஹாஸ்டல் சந்தில் நுழையும்போது. பெட்ரோல் பங்க் வளைவில். வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது. இப்போது யூ டர்னில். சொல்லி முடித்ததும் அவளே, "எல்லாமே திரும்புற எடம் சார்" என்றாள்.

எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை வலப்பக்கம் முழுக்கத் திருப்பினேன். ஓடியது. இடப்பக்கம் கடைசிவரை கொண்டுபோய் அழுத்தினேன். வண்டி ஒரு இருமல் இருமி நின்றது. நேராக்கினால் விளக்கு திரும்ப வந்தது. முன்னால் பார்த்தபோது ஒயருக்குள் ஏதோ சில செம்பு இழைகள் ஒட்டிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். இப்போது அவையும் போய்விட்டன.

சாவியிலிருந்து வரும் மின்சாரம் ஹேண்டிலின் கழுத்து வழியாகத்தான் டேங்குக்கு அடியில் போகும். திரும்பும் இடம் என்பதால் அங்கே ஒயர் கொஞ்சம் தொளதொளவென்று இருக்க வேண்டும். குறை அங்கேதான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. அந்தக் கழுத்தைத்தான் நாங்கள் பார்க்கவே இல்லை. ஏனென்றால் அங்கே ஒயர்களையும் சேர்த்து இறுக்கிச் சுற்றிய சாமிக் கயிறு இருந்தது. ஒன்றல்ல, ஒன்றின் மேல் ஒன்றாகப் பல கயிறுகள். குங்குமமும் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து சுவர் மாதிரி கெட்டியாகியிருந்தது.

"இது யாரும்மா கட்டினது?" என்றார் சார்.

"எங்க அத்தை. வண்டி நிக்கிறப்பல்லாம் அம்மன் கோயிலுக்குப் போயி ஒரு கயிறு கொண்ணாந்து கட்டுவாங்க."

நான் கோதண்டம் சாரைப் பார்த்தேன். வண்டி நின்றதால் கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிறு கட்டக் கட்ட ஒயர் இறுகியிருக்கிறது. ஒயர் இறுக இறுக வண்டி இன்னும் அதிகமாக நின்றிருக்கிறது. நாங்களோ கயிற்றைத் தொடக்கூடாது என்று சுற்றிச்சுற்றி வேலை செய்திருக்கிறோம்.

பக்கத்து ரேம்பில் வேறு வண்டி பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக் மெல்ல வந்து, "சார், நைசா அறுத்துட்டு, வேலைய முடிச்சிட்டு, அதே மாதிரி ஒரு கயிறு கட்டிவிட்டுடலாம். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

"அவங்க வண்டி, அவங்க சாமி" என்றார் கோதண்டம் சார். "கேட்டுட்டு அவுப்போம்."

கலைவாணி அவிழ்க்க மாட்டேன் என்றுவிட்டாள். "நான் அவுத்து, நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஆயுசுக்கும் பேச்சு கேக்கணும்ணா" என்றாள். அதுவும் நியாயம்தான். சார் என்னைப் பார்த்து, "நீ போய் அந்தம்மாகிட்ட காட்டு. சொல்லாதே, காட்டு" என்றார்.

வண்டியை நானே ஓட்டிக்கொண்டு சேரப்பணஞ்சேரிக்குப் போனேன், வளைவுகளில் இறங்கித் தள்ளிக்கொண்டே. கலைவாணி ஏழுமலையின் வண்டியில் பின்னால் வந்தாள். மாமியார் முனியம்மா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் கழுத்துச் சிலுவையைத்தான் முதலில் பார்த்தார்.

"நீ வேதக்காரனாப்பா?"

"ஆமாம்மா. எங்க வூட்லயும் ஜெபம் பண்ணித்தான் வண்டி எடுப்போம்."

"அப்ப உனக்கே தெரியும். எம் புள்ள போனப்புறம் இந்த வூட்டுக்கு இவதான் எல்லாம். காலையில வண்டி எடுத்துக்கினு போனாள்னா, திரும்பி வந்து பாத்திரம் கழுவுற சத்தம் கேக்குற வரிக்கும் நான் வாசலையே பாத்துக்கினு உக்காந்துனு கீறேன். இன்னிக்கு லாரிக்கு முன்னால வுழுந்தும் உசுரோட வந்துட்டான்னா அது அந்தக் கயிறுதான். அத அவுக்கணும்ன்ற."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பயந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவருக்கு வேறு என்ன செய்ய முடியும்?

"நான் அவுக்கலம்மா. நீங்க ஒரே ஒரு தபா எழுந்து வந்து பாருங்க, போதும்" என்றேன்.

வந்தார். சாவியைப் போட்டேன். மீட்டரில் நியூட்ரல் விளக்கு பச்சையாக எரிந்தது. அவர் கையைப் பிடித்து ஹேண்டில் மேல் வைத்து, "இந்தப் பக்கம் நீங்களே திருப்புங்கம்மா. கண்ணு இந்தப் பச்சை மேலயே இருக்கட்டும்" என்றேன். திருப்பினார். இடக்கடைசிக்குப் போனதும் கயிறு முறுக்கேறி, அதற்குள் இருந்த ஒயர் விறைத்தது. விளக்கு அணைந்தது. நேராக்கினார், எரிந்தது. திரும்பத் திருப்பினார், அணைந்தது. இன்னொரு தடவையும் செய்துபார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

"நானே கட்டி, நானே அவள நடுரோட்ல நிப்பாட்டிக்கினு கீறேனா?" என்றார்.

"இல்லம்மா. நீங்க நல்லதுக்குத்தான் கட்டுனீங்க. கட்டுன எடம்தான் சரியில்ல. அத நாங்களும் பாத்தோம், பாத்துட்டு வாய் தெறக்காம வுட்டோம்" என்றேன். அது சமாதானத்துக்குச் சொன்னதல்ல, உண்மைதான்.

முனியம்மா உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு, ஒரு தாம்பாளத்தோடு வந்தார். கயிறுகளை ஒவ்வொன்றாகத் தானே அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்த இடத்தில் நகத்தால் நோண்டினார். ஒன்றைக்கூட அறுக்கவில்லை, எங்களைத் தொடவும் விடவில்லை. ஏழுமலை கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "அவுத்தாச்சுல்ல, இன்னும் நிக்குதான்னு பாப்போம்" என்றார்.

கயிறு போனதும் ஒயர் மேலே பார்க்க நன்றாகவே இருந்தது. மேல்தோலைக் கீறினால் உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்து அறுந்திருந்தன. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, கொஞ்சம் நீளமான புது ஒயர் வைத்துப் பற்றவைத்து, மேலே ஸ்லீவ் போட்டு, திரும்பும்போது இழுபடாத அளவுக்கு வளைவு விட்டேன். வாசலில் பக்கத்து வீட்டு பிளக்கில் சால்டரிங் கம்பியைச் செருகித்தான் வேலை. எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இடமும் வலமுமாக ஆட்டினேன். ஓடிக்கொண்டே இருந்தது. ஏழுமலை தானே வந்து, பிடுங்குகிற மாதிரி திருப்பிப் பார்த்தார். அதற்கும் ஓடியது. வண்டியை அணைத்து, சாவியைக் கலைவாணியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அப்போதுதான் அவள் அழுதாள்.

நான் சாமான்களை எடுத்துவைக்கும்போது முனியம்மா தாம்பாளத்திலிருந்து ஒரே ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார்.

"கட்டாம அனுப்ப எனக்கு மனசு வராது. எங்க கட்டணும்னு நீ சொல்லு."

வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். கண்ணாடியைத் தாங்கும் கம்பியைக் காட்டினேன். அதில் ஒயர் எதுவும் ஓடாது. "இங்க கட்டுங்கம்மா. அவங்களுக்கும் கண்ணுல பட்டுக்கினே இருக்கும்" என்றேன்.

நான் திரும்பி வந்து சொன்னதைக் கேட்டுவிட்டு கோதண்டம் சார் எங்கள் எழுதாத சட்டத்தை மாற்றினார். தொடாதே என்பது போய், கேள் என்று ஆனது. வண்டி உள்ளே வந்ததும் கயிறு இருந்தால், "இது யார் கட்டினது, கொஞ்சம் அவிழ்த்துத் தர முடியுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடுவோம். சிலர் முறைப்பார்கள். பெரும்பாலானவர்கள் அவர்களே அவிழ்த்துத் தருவார்கள், வேலை முடிந்ததும் நாங்கள் காட்டுகிற இடத்தில் கட்டிக்கொள்வார்கள். ஏழுமலைகூடப் பிறகு தன் வண்டியை எங்களிடம்தான் கொண்டுவந்தார். கயிறு கண்ணாடிக் கம்பியில் இருந்தது.

வாட்ஸ்அப்பில் கேள்வி கேட்டவர்களுக்கு என் பதில் இவ்வளவுதான். ஸ்கேனர் காட்டவில்லையென்றால் எங்கே நின்றது என்று ஓட்டுகிறவரைக் கேளுங்கள். பிறகு, நீங்கள் எந்த இடத்தைப் பார்க்காமல் விட்டீர்கள் என்று உங்களையே கேளுங்கள்.

போன மாதம் கலைவாணி போன் செய்தாள். வியாபாரம் பெருகி, பழைய பைக்கோடு புதிதாக ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டரும் வாங்கியிருக்கிறாள். "அண்ணா, நீங்க வந்து பாத்துட்டுச் சொன்னாத்தான் கட்டுவேன்னு அத்தை கயித்த கையில வெச்சிக்கினு உக்காந்துனு கீறாங்க" என்றாள். போனேன். முன்பக்க மூடியைக் கழற்றி ஒயர்கள் போகும் வழியைப் பார்த்தேன். இதிலும் கண்ணாடிக் கம்பிதான் நல்ல இடம் என்று தோன்றியது. "இங்கேயே கட்டலாம்மா" என்றேன்.

முனியம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. தடவிப் பார்த்துக் கயிற்றைச் சுற்றினார். முடிச்சுப் போடப் போனவர் நிறுத்தி, சாவியைப் போடச் சொன்னார். ஹேண்டிலைப் பிடித்து இடக்கடைசி வரை ஒரு தடவை, வலக்கடைசி வரை ஒரு தடவை திருப்பினார்.

"வெளக்கு எரியுதா?" என்று மருமகளைக் கேட்டார்.

"எரியுது அத்தை."

அப்புறம்தான் முடிச்சைப் போட்டார்.